டிரையரில் ‘போர்டு போயிருச்சு’ என்றால் எது போயிருக்கிறது?

துணி உலர்த்தும் டிரையர் ஓடவில்லை என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், கோவையிலும் திருப்பூரிலும் அடிக்கடி கேட்கிற பதில் இது: “போர்டு போயிருச்சுங்க, மாத்தித்தான் ஆகோணும்.” போர்டு என்பது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகை. புது போர்டின் விலை ஆயிரங்களில் வரும். கையிருப்பு இல்லையென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாற்றிய போர்டும் சில மாதங்களில் அதே மாதிரி போய்விடுவது உண்டு. பணம் கொடுத்தவருக்கு எது கெட்டது, ஏன் கெட்டது என்று கடைசி வரை தெரிவதில்லை.

‘போர்டு போச்சு’ என்பது அளந்து பார்த்த பிறகு வர வேண்டிய முடிவு. பல இடங்களில் அளப்பதற்குப் பதிலாகவே அது சொல்லப்படுகிறது. போர்டுக்கு வெளியே இருக்கும் ஒரு சுவிட்சோ, சூடு மிஞ்சினால் அறுக்கும் கட்-அவுட்டோ போயிருக்கலாம். போர்டிலேயே சில பத்து ரூபாய் ரிலே (கரண்டைப் போட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச்) ஒன்று மட்டும் போயிருக்கலாம். அல்லது உண்மையிலேயே போர்டு மொத்தமும் கைவிட வேண்டிய நிலையில் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

ஒரு தெளிவு. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணியைச் சுழற்றிப் பிழியும் தொட்டியையும் நம் வீடுகளில் டிரையர் என்றுதான் சொல்கிறோம். அதில் பொதுவாக டைமரும் மோட்டாரும்தான், ஹீட்டர் கிடையாது. இங்கே பேசுவது சூடான காற்றில் துணியைப் புரட்டிக் காய வைக்கும் டம்பிள் டிரையர் பற்றி. துவைத்து உலர்த்தும் இரண்டு வேலையும் செய்கிற வாஷர்-டிரையருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கொங்கு நாட்டில் இது ஏன் பேசவேண்டிய விஷயம்

மொட்டை மாடியும் வெயிலும் இருக்கிற ஊரில் டிரையர் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அடுக்குமாடி வீடுகளில் கொடி கட்ட இடமில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றிலும் ஐப்பசி மழையிலும் துணி நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கிறது. ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், லாட்ஜ் எல்லாவற்றிலும் டிரையர் வந்துவிட்டது. திருப்பூரில் இன்னொரு தேவையும் உண்டு: பனியன் துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கிற லேப்களில் டம்பிள் டிரையர் இல்லாமல் வேலை நடக்காது. அங்கே ஒரு மெஷின் நின்றால் சாம்பிள் நிற்கும், சாம்பிள் நின்றால் ஆர்டர் தள்ளிப்போகும்.

மெஷினுக்குள் நடப்பது

டிரையர் டிரம்மைச் சுற்றுகிறது, காற்றைச் சூடாக்கி அதற்குள் அனுப்புகிறது, ஈரம் ஏறிய காற்றை அப்புறப்படுத்துகிறது. ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளினால் வென்டட் வகை. உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராகப் பிரித்தால் கன்டென்சர் வகை. ஹீட்டருக்குப் பதிலாக ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரஸரை வைத்தால் ஹீட் பம்ப் வகை. இதற்குக் கரண்ட் செலவு நன்றாகவே குறையும்.

வீட்டு மெஷின்களில் ஹீட்டர் பொதுவாக 2000 முதல் 2500 வாட் வரை இருக்கும். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போர்டில் பாதிக் கதை இதிலிருந்துதான் தொடங்குகிறது.

சூடு எல்லை மீறாமல் இருக்க இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும், அதைப் படித்து போர்டு ஹீட்டரை நிறுத்தி நிறுத்திப் போடும். இன்னொன்று தெர்மோஸ்டாட் கட்-அவுட், தெர்மல் ஃபியூஸ் ஆகியவை. இவை போர்டின் சொல்லைக் கேட்பதில்லை. ஹீட்டர் ஒயரிலேயே தொடராக உட்கார்ந்திருக்கும், சூடு மிஞ்சினால் தாமாகவே அறுத்துவிடும். ஆகவே போர்டு நன்றாக இருந்தாலும், வழியில் இருக்கிற ஒரு கட்-அவுட் அறுந்தாலே ஹீட்டர் எரியாது. பாவம், பழி மட்டும் போர்டின் மேல் விழும்.

போர்டில் என்ன இருக்கிறது

1. நுழைவுப் பகுதி. ஃபியூஸ், அதிக வோல்டேஜ் வந்தால் அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் வாரிஸ்டர் (நீல நிற அல்லது வேறு நிற வட்டத் தட்டு), மின் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்.

2. பவர் சப்ளை. 230 வோல்ட் ஏசியை 12 வோல்ட் டிசியாகவும் 5 வோல்ட் டிசியாகவும் மாற்றும். 12 வோல்ட் ரிலேக்களுக்கு, 5 வோல்ட் கன்ட்ரோலர் ஐசிக்கு (சிப்). எண் கொஞ்சம் மாறலாம், முறை இதுதான்.

3. முடிவெடுக்கும் பகுதி. மைக்ரோகன்ட்ரோலர் ஐசியும் அதற்கான புரோகிராமும். பக்கத்தில் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சின்ன மெமரி ஐசி ஒன்றும் இருக்கலாம்.

4. சுவிட்ச் பகுதி. மோட்டார், ஹீட்டர், பம்ப் ஆகியவற்றைப் போடவும் நிறுத்தவும் ரிலேக்கள், ட்ரையாக்குகள் (எலக்ட்ரானிக் சுவிட்சுகள்). கன்ட்ரோலரால் நேராக ரிலேயை இழுக்க முடியாது என்பதால் நடுவில் யு.எல்.என். 2003 போன்ற டிரைவர் ஐசி ஒன்று இருக்கும். அதில் ஏழு சேனல்.

முதல், இரண்டாம், நான்காம் பகுதிகளில் பழுது என்றால் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். மூன்றாவதில் என்றால் கடினம். காரணம் பின்னால் வருகிறது.

போர்டைத் தொடுவதற்கு முன்

போர்டைக் கழற்றுவதற்கு முன் மெஷின் என்ன செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று கவனித்தாலே பாதி தெளிந்துவிடும்.

1. எதுவுமே எரியவில்லை. முதலில் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். 9 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும் இடத்தில் லூசான 16 ஆம்பியர் சாக்கெட் உள்ளே கருகியிருப்பது சகஜம். சாக்கெட்டில் கரண்ட் சரியாக இருந்தால் அடுத்து மெயின் ஒயர், நாய்ஸ் ஃபில்டர், அப்புறம் போர்டின் ஃபியூஸ்.

2. விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. டோர் சுவிட்ச், சைல்டு லாக். கன்டென்சர் வகையில் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தாலும் சில மாடல்கள் ஓடாது. டோர் சுவிட்சை பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரின் பீப்பில் பார்க்கலாம். அழுத்தினால் சத்தம், விட்டால் மௌனம் என்றிருக்க வேண்டும்.

3. டிரம் சுற்றுகிறது, சூடு இல்லை. பிளக்கைக் கழற்றி, ஹீட்டரின் ஒயர்களைப் பிரித்துவிட்டு ஓம் அளவில் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் 26 ஓம் அருகில் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது. ஹீட்டர் முனைக்கும் மெஷின் பாடிக்கும் நடுவே ஓம் ஏதாவது காட்டினால் லீக்கேஜ், ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) அடிக்கடி விழுவதற்கு அது காரணமாக இருக்கலாம். அப்புறம் கட்-அவுட்டும் தெர்மல் ஃபியூஸும்: இரண்டும் பீப் அடிக்க வேண்டும். தெர்மல் ஃபியூஸ் அறுந்திருந்தால் அதை மாற்றுவதோடு வேலை முடியாது. ஃபில்டரில் பஞ்சு அடைத்தோ குழாய் மடங்கியோ காற்று போகாமல் இருந்திருக்கும். அதைச் சரி செய்யாவிட்டால் புதிதும் அறுந்துபோகும். சிலர் தெர்மல் ஃபியூஸின் இரண்டு ஒயரையும் முறுக்கி நேராக இணைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். மில்லிலோ பஞ்சு குடோனிலோ தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிரையருக்குள் சேர்வதும் அதே பஞ்சுதான்.

4. உறுமுகிறது, சுற்றவில்லை. மோட்டார் கெபாசிட்டர் அல்லது சிக்கிய டிரம். கிணற்று மோட்டாரில் பார்த்துப் பழகிய அதே பழுது.

5. சூடு நிற்கவே இல்லை. ஹீட்டர் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், சரி பார்க்கும் வரை ஓட்டாதீர்கள்.

6. துணி காயும் முன்பே நின்றுவிடுகிறது, அல்லது காய்ந்த பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்குத் தனியாகவே பேச வேண்டும்.

டிஸ்பிளேயில் வரும் எரர் கோடு பற்றி ஒரு வார்த்தை. அது எந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. தெர்மிஸ்டர் எரர் என்று வந்தால் தெர்மிஸ்டராக இருக்கலாம், கனெக்டரில் பிடித்த பச்சைக் களிம்பாக இருக்கலாம், எலி கடித்த ஒயராக இருக்கலாம். தெர்மிஸ்டரைச் சோதிப்பது எளிது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் என்று குறிப்பிட்ட ரகமாக இருந்தால், 30 டிகிரி அறையில் 8 கிலோ ஓம் பக்கம் காட்டும். விரல்களில் பொத்திப் பிடித்தால் எண் மெதுவாக இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ குதித்தாலோ அது போய்விட்டது. வேறு மதிப்புள்ள ரகங்களும் இருக்கின்றன, ஆகவே மாடலுக்கு உரிய எண்ணைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

சிறுவாணித் தண்ணீரும் ஈர சென்சாரும்

டிரம்மின் முன்பக்கம் உள்ளே இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி இரண்டையும் ஒருசேரத் தொடும்போது துணி வழியாக மிகச் சிறிய கரண்ட் ஓடும். துணி காயக் காய அது குறையும். போர்டு இதைப் பார்த்துத்தான் ‘காய்ந்துவிட்டது’ என்று முடிவு செய்கிறது.

சென்சார் அளப்பது ஈரத்தை இல்லை, கரண்ட் ஓடும் தன்மையை. அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைப் பொறுத்தது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் உப்பு மிகக் குறைவு. துணியில் இன்னும் ஈரம் இருக்கும்போதே கரண்ட் குறைந்துவிடும், போர்டு முன்கூட்டியே நிறுத்திவிடும். அதே மெஷினை அவிநாசி, பல்லடம் பக்கம் போர்வெல் உப்புத் தண்ணீரில் துவைத்த துணியோடு ஓட்டினால் எதிர்ப்பக்கமாகப் போகும்: துணி நன்றாகக் காய்ந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். வீடு மாறியதும் டிரையர் ‘கெட்டுப்போவது’ இதனால்கூட இருக்கலாம். சில மாடல்களில் தண்ணீரின் தன்மைக்கு ஏற்ப இந்த அளவை மாற்றிக்கொள்ள அமைப்பு உண்டு, மெனுவில் தேடிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் அந்தப் பட்டைகளின் மேல் படியும் படலம். துணி கண்டிஷனரும் உப்புப் படிவும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் பூச்சாகிவிடும். வினிகர் நனைத்த துணியால் துடைத்து, ஈரத்துணி கொண்டு ஒருமுறை ஒற்றி எடுத்தால் போதும். இவ்வளவுதான் வேலை. இதற்காகப் போர்டை மாற்றுவது வீண்.

கை வைப்பதற்கு முன்

மேலே சொன்ன ஓம் சோதனைகள் எல்லாம் பிளக் கழற்றிய நிலையில் செய்பவை, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். இனி வருவதில் சில, கரண்ட் இருக்கும்போது அளப்பவை. அவை எலக்ட்ரானிக்ஸ் வேலையில் பழகியவர்களுக்கு மட்டும். காரணம் இரண்டு.

முதலாவது, டிரையர் போர்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 5 வோல்ட் பகுதியின் கிரவுண்டும் மெயின் லைனும் நேராகத் தொடர்புள்ளவை. ‘ஐந்து வோல்ட்தானே’ என்று கை வைத்தால் 230 வோல்ட் அடிக்கும். இதற்கு ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சப்ளை கொடுத்து வேலை செய்வதுதான் முறை. அப்போதும் ஒற்றைக் கையால் அளக்கும் பழக்கம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுக்கும் கடைகள் கோவையில் இருக்கின்றன, சொல்லி வைத்தால் சுற்றித் தருவார்கள்.

இரண்டாவது, பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 2 முதல் 5 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு முனைகளிலும் சில நொடிகள் பிடித்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஸ்குரூ டிரைவரால் தட்டி இறக்குவது போர்டையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

வாரண்டி இருந்தால் மெஷினைத் திறக்கவே வேண்டாம்.

போர்டை மேஜையில் வைத்த பிறகு

முதலில் கண். ஒயர்களைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, போர்டை வெளியே எடுத்து நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பாருங்கள். தலை உப்பிய கெபாசிட்டர், பிளந்த வாரிஸ்டர், கருகிய ரெசிஸ்டர், பல்லியோ எறும்புக் கூட்டமோ இருந்த தடம். பஞ்சுத் தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, போர்டின் இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே கரண்ட் கசிய வழி செய்யும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு கழுவி உலர்த்தியதும் சரியாகிவிட்ட போர்டுகளும் உண்டு.

அடுத்து லென்ஸ். ஹீட்டர் ரிலேயின் கால்களைத் திருப்பிப் பாருங்கள். நல்ல சால்டர் (ஈயப் பற்றவைப்பு) பளபளப்பாக, கூம்பு வடிவில், காலை ஒட்டிப் பிடித்திருக்கும். கெட்டதில் காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று தெரியும், முடி அளவு. ஈயம் இருக்கிறது, ஆனால் கால் அதிலிருந்து விடுபட்டிருக்கிறது. விரலால் ரிலேயைத் தொட்டு அசைத்தால் கால் மட்டும் ஆடும். 9 ஆம்பியர் பக்கம் போகும் இடம் அது. ஒவ்வொரு முறை ஹீட்டர் எரியும்போதும் சூடேறி விரிந்து, அணையும்போது சுருங்கி, காலப்போக்கில் ஈயம் களைத்து வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ஸ்பார்க் அடிக்கும், மேலும் சூடாகும், போர்டு பழுப்பாகிப் பின் கறுப்பாகும். ‘சில நாள் ஓடுது, சில நாள் ஓடலை’ என்ற புகாருக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

சரி செய்யும்போது பழைய ஈயத்தின் மேல் புது ஈயத்தைத் தடவக் கூடாது. பழையதை முழுக்க உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக வைக்க வேண்டும். தடம் எரிந்திருந்தால் கனமான செம்புக் கம்பியைத் தடத்தின் நீளத்துக்கு வைத்து ஈயம் ஓட்ட வேண்டும். கருகிய போர்டுப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுவது முக்கியம், ஏனென்றால் கரி கரண்டைக் கடத்தும். பக்கத்தில் இருக்கும் ஸ்பேட் கனெக்டர் லூசாகிப் பழுப்பாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். சூடு அங்கிருந்துகூட வந்திருக்கலாம்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மீட்டரை வரிசையாக நகர்த்த வேண்டும். வரிசை மாறினால் குழப்பம்தான்.

1. ஃபியூஸ், அதை ஒட்டிய ஃபியூஸிபிள் ரெசிஸ்டர். இரண்டும் அறுந்திருக்கக் கூடாது. அறுந்திருந்தால் பின்னால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றக் கூடாது.

2. டயோடுகள். டயோடு ரேஞ்சில் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டி, மறுபக்கம் காட்டாமல் இருந்தால் நல்லது.

3. இனி கரண்ட் கொடுத்து. ஹீட்டர், மோட்டார் ஒயர்களை இணைக்காமல், 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக வைத்துப் போர்டுக்கு மட்டும் சப்ளை கொடுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்தால் பெரிய ஷார்ட் இல்லை. முழுதாக எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் பல்ப் தடுத்துவிட்டதால் போர்டில் எதுவும் புதிதாக எரியாது.

4. எஸ்.எம்.பி.எஸ். வகைப் பவர் சப்ளை (ஸ்விட்சிங் ஐசி ஒன்று வேகமாகப் போட்டு நிறுத்தி வோல்டேஜைக் குறைக்கும் வகை) என்றால், பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி பக்கம் வர வேண்டும் (230-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வருவது). அது வந்து 12 வோல்ட் வரவில்லை என்றால் சந்தேகம் ஸ்விட்சிங் ஐசியின் மேல். எல்.என்.கே. 304 போன்ற சின்ன ஐசிகள் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. ஐசியை மாற்றும்போது பக்கத்துக் கெபாசிட்டர்களையும் 105 டிகிரி ரகத்தில் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. காய்ந்துபோன கெபாசிட்டர்தான் பல சமயம் ஐசியைக் கொன்றிருக்கும்.

5. 12 வந்து 5 வரவில்லை என்றால் ரெகுலேட்டர் போயிருக்கலாம், அல்லது 5 வோல்ட் வாங்கும் கன்ட்ரோலரே ஷார்ட்டாகி இழுத்துக்கொண்டிருக்கலாம். ரெகுலேட்டரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் எது என்று தெரியும்.

பழைய, எளிமையான போர்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். இருக்காது. ஒரு பெரிய எக்ஸ்-2 கெபாசிட்டரே (மெயின் லைனில் போடத் தகுந்த ரகம்) மெயின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும். இதில் வரும் பழுது தெரியாதவரை நாள் கணக்கில் சுற்றவைக்கும், தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை. 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 70 மில்லி ஆம்பியர் விடும். ஒரு 12 வோல்ட் ரிலே இழுத்து நிற்க 30 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். மோட்டாருக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று என இரண்டு ரிலே இழுத்தாலே கிட்டத்தட்ட முழுதும் செலவாகிவிடும். லைனில் ஒவ்வொரு முறை வோல்டேஜ் குத்தும்போதும் இந்தக் கெபாசிட்டர் தன் உள்படலத்தில் ஒரு புள்ளியை எரித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஷார்ட் ஆகாது, ஆனால் மதிப்பு தேயும். 1 என்று எழுதியிருப்பது பாதியாகிவிட்டால், மோட்டார் ரிலே மட்டும் இழுத்து நிற்கும். ஹீட்டர் ரிலே இழுத்த நொடியில் இரண்டும் விழும், டிஸ்பிளே மங்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். பார்ப்பவர் கன்ட்ரோலர் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைப்பார். கழற்றிக் கெபாசிட்டன்ஸ் மீட்டரில் வைத்தால் உண்மை தெரியும். மாற்றும்போது எக்ஸ்-2 என்று அச்சிட்ட அதே மதிப்பு, அதே வோல்டேஜ் ரகம்தான் போட வேண்டும்.

சரி, 12-ம் 5-ம் நிலையாக வருகிறது, ஆனாலும் ஹீட்டர் ரிலே வேலை செய்யவில்லை. இப்போது பின்னோக்கிப் போக வேண்டும். ஹீட்டர் ஓட வேண்டிய நேரத்தில் ரிலே காயிலின் இரு முனைகளுக்கு நடுவே 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் க்ளிக் சத்தம் இல்லையென்றால் ரிலே காயில் போய்விட்டது. நல்ல காயில் 300, 400 ஓம் பக்கம் காட்டும். க்ளிக் சத்தம் வந்தும் கரண்ட் போகவில்லை என்றால் முனைகள் எரிந்துவிட்டன. காயிலுக்கு வோல்டேஜே வரவில்லை என்றால் டிரைவர் ஐசியின் இன்புட் காலைப் பாருங்கள். அங்கே 5 வோல்ட் இருந்தும் அவுட்புட் கீழே இறங்கவில்லை என்றால் டிரைவர் ஐசி போயிருக்கிறது. இன்புட்டிலும் எதுவும் இல்லை என்றால் கன்ட்ரோலர் கட்டளையே தரவில்லை. அப்போதும் கன்ட்ரோலரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். தெர்மிஸ்டர் தப்பாகச் சொல்கிறதா, டோர் சுவிட்ச் திறந்திருப்பதாகத் தெரிகிறதா என்று மறுபடி பாருங்கள். அது எல்லாம் சரியென்றால்தான் கன்ட்ரோலர்.

ஃபியூஸும் வாரிஸ்டரும் ஏன் சேர்ந்தே போகின்றன

போர்டைத் திறந்தால் ஃபியூஸ் கருகி, வாரிஸ்டர் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்றால், அந்த வீட்டில் அல்லது தெருவில் நியூட்ரல் விட்டுப் போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும். கம்பத்தில் மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. நியூட்ரல் அறுந்தால் வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகி, 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக உள்ள வீட்டுக்கு அதிக வோல்ட் போகும். பகலில் ஃபேனும் டிவியும் மட்டும் ஓடும் வீட்டில்தான் சேதம் கூட.

வாரிஸ்டரில் 471 என்று இருந்தால் அது 470 வோல்ட் அளவில் கடத்தத் தொடங்கும் ரகம். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325, ஆகவே சாதாரண நாட்களில் அது சும்மா இருக்கும். 400 வோல்ட் ஏசியின் உச்சம் 560-ஐத் தாண்டும். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் வாரிஸ்டர் கரண்டைத் தன் வழியாக இழுத்து, சூடாகி, வெடித்து, ஃபியூஸையும் அறுத்துவிடும். பின்னால் இருக்கும் ஐசிகள் இதனால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இரண்டையும் புதிதாகப் போட்டாலே போர்டு பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் சிலர் பிளந்த வாரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸ் இடத்தில் ஒற்றை இழைக் கம்பியைப் போட்டுக் கொடுக்கிறார்கள். மெஷின் ஓடும், காவல் மட்டும் இருக்காது. அடுத்த முறை அடிபடுவது ஐசி.

சோமனூர், பல்லடம் போலத் தறிகள் நிறைந்த ஊர்களில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் நிறைய மோட்டார்கள். கரண்ட் போய் வந்ததும் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும், வோல்டேஜ் இறங்கி ஏறும். கரண்ட் போனதும் டிரையரை ஆஃப் செய்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது நல்ல பழக்கம். டி.பி. பெட்டியில் (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அதிக, குறைந்த வோல்டேஜில் லைனை வெட்டும் கருவி ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டினால், நியூட்ரல் போனாலும் வீட்டில் எல்லாப் பொருளும் தப்பும். ஒரு போர்டு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

எங்கே நிறுத்த வேண்டும்

கன்ட்ரோலர் ஐசி ஷார்ட் என்று உறுதியானால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். அதே எண்ணுள்ள ஐசி கடையில் கிடைத்தாலும் அது வெற்று ஐசி. மெஷின் கம்பெனியின் புரோகிராம் அதில் இருக்காது. ரெசின் ஊற்றி மூடிய போர்டுகளும் அநேகமாக அப்படித்தான்: சுரண்டி எடுப்பதற்குள் தடங்கள் கிழிந்துவிடும். தீப்பிடித்து உள்ளடுக்கு வரை கருகிய போர்டையும் விட்டுவிட வேண்டும்.

புது போர்டு வாங்கும்போது மெஷின் மாடல் எண் மட்டும் போதாது. பழைய போர்டில் ஒட்டியிருக்கும் பார்ட் எண்ணும் அதன் பின்னால் வரும் எழுத்தும் ஒத்திருக்க வேண்டும். சில மாடல்களில் புது போர்டில் மெஷினின் அமைப்பை ஏற்றிக் கொடுத்தால்தான் ஓடும். அதைச் செய்யாமல் மாட்டிவிட்டு ‘புது போர்டும் டூப்ளிகேட்’ என்று சண்டை போட்டவர்கள் உண்டு. பழைய சாமான் கடையில் எடுத்த போர்டாக இருந்தால், மாட்டும் முன் மேலே சொன்ன சோதனைகளை அதற்கும் செய்யுங்கள்.

புது போர்டே போட்டாலும் பழையதைக் கொன்ற காரணம் அப்படியே இருந்தால், அதாவது லீக் அடிக்கும் ஹீட்டர், ஷார்ட்டான மோட்டார், லூசான சாக்கெட் இவற்றில் ஏதாவது இருந்தால், புதிதும் போகும். சில மாதங்களில் திரும்பப் போகும் போர்டுகளில் முதலில் தேட வேண்டியது இந்தக் காரணத்தைத்தான்.

பில்லில் என்ன கேட்கலாம்

மோட்டார் எரிந்தால் கோவையில் ரீவைண்டிங் கடைக்காரர் காயிலைத் திறந்து காட்டுவார்: ஸ்டார்ட்டிங் எரிந்ததா ரன்னிங் எரிந்ததா, லோ வோல்டேஜில் போனதா தண்ணீர் இறங்கிப் போனதா என்று. பழைய செம்பின் எடை போட்டுக் கணக்குத் தருவார். அந்தப் பழக்கம் இருக்கிற ஊரில், டிரையர் போர்டுக்கு மட்டும் ‘போச்சு’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. எந்த வோல்டேஜ் வரவில்லை, எந்தப் பொருளை அளந்தீர்கள், என்ன காட்டியது என்று கேளுங்கள். பழைய போர்டைத் திரும்பக் கேளுங்கள். நன்றாக வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள், செல்போன் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வாகனம், விவசாயக் கருவி ஆகிய நான்கு துறைகளில் உதிரிபாகம், பழுதுபார்ப்பு பற்றிய தகவல்களைக் கம்பெனிகள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது நோக்கம். ஆனால் போர்டின் சர்க்யூட் வரைபடம் வெளி மெக்கானிக் கைக்கு வராத வரை, இந்த உரிமை பாதிதான். இந்த மாவட்டங்களில் கை தேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குத் தேவை அந்த ஒரு தாள்தான்.

மாட்டிய பிறகு

போர்டைச் சரி செய்து மாட்டியதும் பில் போட்டுவிடக் கூடாது. நனைத்துப் பிழிந்த டவல்கள் நாலைந்தைப் போட்டு ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள், அருகில் ஆள் இருக்க வேண்டும். மெஷினுக்குப் போகும் பேஸ் ஒயரை மட்டும் தனியாகப் பிரித்து கிளாம்ப் மீட்டர் போட்டால், ஹீட்டர் எரியும்போது 2000 வாட் மெஷினில் மோட்டாரும் சேர்த்து 9 முதல் 10 ஆம்பியர் பக்கம் காட்டும். சூடு எல்லைக்கு வந்ததும் சட்டென்று ஒன்றிரண்டு ஆம்பியருக்கு இறங்கி, சற்று நேரத்தில் மறுபடி ஏற வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் வந்தால் தெர்மிஸ்டரும் ரிலேயும் சரியாகப் பேசிக்கொள்கின்றன. கடைசிப் பத்து நிமிடம் போலச் சூடு இல்லாமல் டிரம் மட்டும் சுற்றும் கட்டம் வரும். அப்போது மீட்டர் மோட்டாரின் அளவைத் தாண்டிக் காட்டினால் ஹீட்டர் ரிலே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போர்டை மறுபடி கழற்ற வேண்டும். சுற்று முடிந்து பிளக்கைக் கழற்றியதும் பிளக்கின் கால்களையும் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் சாக்கெட்டை மாற்றிவிட்டு மறுபடி ஒரு சுற்று ஓட்டுங்கள்.